கன்ட்ரோலர் போச்சு என்று சொல்வதற்கு முன்

மின் ஸ்கூட்டர் நடுவழியில் நின்றுவிட்டால் பட்டறையில் முதலில் காதில் விழும் தீர்ப்பு "கன்ட்ரோலர் போச்சு" என்பதுதான். பெட்ரோல் வண்டியில் பழகிய கைக்கு பிளக்கைக் கழற்றிப் பார்க்கத் தெரியும், கார்புரேட்டரை ஊதிப் பார்க்கத் தெரியும். மின் வண்டியில் அப்படிக் கழற்றி ஊத எதுவும் இல்லை. சீட்டுக்கு அடியிலோ கால்வைக்கும் பலகைக்குக் கீழோ அலுமினிய உறை போட்ட ஒரு பெட்டி, அதிலிருந்து வெளிவரும் ஒரு கொத்து ஒயர். உள்ளே நடப்பது தெரியாததால் பழி அதன்மேல் விழுகிறது, பெட்டியை மாற்றுகிறார்கள். சில வண்டிகள் ஓடுகின்றன. சில ஓடுவதில்லை. சில ஒரு மாதம் ஓடிவிட்டு மறுபடியும் நிற்கின்றன.

அன்னவாசல் போன்ற ஊரில் இந்தத் தீர்ப்பு தப்பினால் நஷ்டம் பெரிது. புதுக்கோட்டைக்கும் இலுப்பூருக்கும் விராலிமலைக்கும் போகிற வழியில் உள்ள சிறிய பேரூராட்சி இது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டுமானால் புதுக்கோட்டை, அங்கும் முடியாவிட்டால் திருச்சி. நின்றுபோன வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது, குட்டியானையில்தான் ஏற்ற வேண்டும். வண்டி வாடகை, போன நாளின் கூலி, பாகம் வந்துசேரும் வரை காத்திருப்பு என்று சேர்ந்துகொண்டே போகும். பெட்ரோல் காசை மிச்சம் பிடிக்கத்தான் சுற்றுப்பட்டு கிராமத்துக்காரர்கள் மின் வண்டி வாங்கினார்கள். ஒரே ஒரு தவறான பழுதுபார்ப்பு அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

இந்தப் பிரச்சினையை முழுதாகப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன. சந்தேகப் பட்டியலில் கன்ட்ரோலர் கடைசியில் இருக்க வேண்டியது. அது உண்மையாகவே போயிருந்தால், எதனால் போனது என்று பார்க்காமல் புதியதை மாட்டக் கூடாது. இந்த இரண்டையும் செய்ய நம்மூர் மெக்கானிக்கிடம் கைத்திறன் இருக்கிறது. அவரிடம் இல்லாதது தகவல்.

பெட்டிக்குள் என்ன வேலை நடக்கிறது

பேட்டரி தருவது டி.சி. மின்சாரம். பின்சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டார் கேட்பது மூன்று ஃபேஸ். பேட்டரி மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, மஞ்சள், பச்சை, நீலம் என்ற மூன்று தடித்த ஒயர்களில் முறைவைத்து அனுப்புவது கன்ட்ரோலரின் வேலை. எந்த ஒயருக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்பதை மோட்டாருக்குள் பதிந்திருக்கும் மூன்று ஹால் சென்சார்கள் சொல்கின்றன. காந்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவை காட்டக் காட்ட, கன்ட்ரோலரில் உள்ள மாஸ்ஃபெட் என்ற சில்லுகள் திறந்து மூடுகின்றன. சின்ன வண்டியில் ஆறு மாஸ்ஃபெட், பெரியதில் பன்னிரண்டு, பதினெட்டு, இ-ரிக்‌ஷாவில் இருபத்துநான்கு வரைகூட இருக்கும். அதோடு பேட்டரி வோல்டேஜ் எல்லைக்குக் கீழே இறங்கினால் நிறுத்துவது, கரன்ட் மிஞ்சினால் குறைப்பது, பிரேக் பிடித்தால் மோட்டாரைத் துண்டிப்பது எல்லாம் இதே பெட்டியின் பொறுப்பு. வண்டியை நிறுத்துவதற்கு அதனிடம் இத்தனை நியாயமான காரணங்கள் இருக்கின்றன. நின்ற வண்டியில் கன்ட்ரோலர் கெட்டிருக்கிறது என்பதைவிட, அது தன் கடமையைச் செய்திருக்கிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இந்தியாவில் இந்தப் பெட்டி கடந்துவந்த தூரம் கொஞ்சமல்ல. பெங்களூரிலிருந்து 2001-இல் வந்த ரேவா காரில் இருந்தது டி.சி. மோட்டார். 2008-இல் வந்த ரேவா ஐ மாடலில்தான் ஏ.சி. மோட்டாருக்கு மாறினார்கள். அதே 2008-இல் கோயம்புத்தூரில் ஆம்பியர் என்ற மின் ஸ்கூட்டர் கம்பெனி தொடங்கியது. 2013-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவர்கள் இருவர் ஏத்தர் கம்பெனியைத் தொடங்கினார்கள். இப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் மின் ஸ்கூட்டர் தயாரிப்பின் பெரிய மையங்கள்.

இந்த வரலாற்றின் விளைவாக நம் சாலைகளில் இரண்டு வகை வண்டிகள் ஓடுகின்றன. ஒன்று, வெளியிலிருந்து வந்த பாகங்களைக் கோத்துச் செய்த எளிய வண்டி. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் கீழே இருந்தால் பதிவு எண்ணோ லைசென்ஸோ வேண்டாம் என்ற விதியை நம்பி விற்கப்பட்டவை பெரும்பாலும் இவைதான். இவற்றின் கன்ட்ரோலர் கடையில் தனியாகக் கிடைக்கும், ஒயர் நிறம் பார்த்து மாட்டிவிடலாம். இன்னொன்று, கன்ட்ரோலரும் பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். என்ற சர்க்யூட்டும் டிஸ்பிளேயும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வண்டி. அதில் ஒரு பாகத்தை மாற்றினால் மற்றவை அதை ஏற்க வேண்டும். ஏற்கவைக்கும் மென்பொருள் கம்பெனியிடம் மட்டுமே இருக்கிறது. முதல் வகைக்குப் பொருந்தும் சோதனைகளை முதலில் பார்க்கலாம். அவற்றில் பல இரண்டாவது வகைக்கும் பொருந்தும்.

எங்கிருந்து தொடங்குவது

பேட்டரியிலிருந்து. வண்டி விக்கி விக்கி ஓடுகிறது, மேட்டில் ஏறும்போது நின்றுவிடுகிறது, சற்று விட்டுத் திரும்ப முறுக்கினால் ஓடுகிறது என்று புகார் வந்தால் கன்ட்ரோலரைத் தொடவே வேண்டாம். ஐந்து லெட் ஆசிட் பேட்டரி கோத்த 60 வோல்ட் வண்டி நின்ற நிலையில் 63 வோல்ட் காட்டும். அதைப் பார்த்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மீட்டரின் ஒயரை நீட்டிக் கட்டி, வண்டியை மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். 63 சரசரவென்று 50-க்கு இறங்கினால் ஐந்தில் ஒன்று செத்துவிட்டது என்று பொருள். 52 வோல்ட் அளவில் கன்ட்ரோலர் தானாகத் துண்டிக்கிறது. சுமை போனதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி இணைக்கிறது, மறுபடி இறங்குகிறது. ஓட்டுகிறவருக்கு இது கன்ட்ரோலர் கோளாறு மாதிரியே தெரியும். லித்தியம் பேட்டரியாக இருந்தால் பி.எம்.எஸ். மொத்தமாகவே துண்டித்துவிடும், டிஸ்பிளேயும் அணையும். டிஸ்பிளே அணைகிறதா, எரிந்தபடியே வண்டி நிற்கிறதா என்பதை வண்டிக்காரரிடம் கேட்டாலே பாதி வழி தெரிந்துவிடும்.

அடுத்தது சாவி. கன்ட்ரோலருக்குப் பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு ஒயர் ஒன்று போகும். சாவியைத் திருப்பியதும் உயிர் கொடுக்கும் மெல்லிய ஒயர் இன்னொன்று. மெல்லிய ஒயரில் பேட்டரி வோல்டேஜ் வராவிட்டால் நல்ல கன்ட்ரோலரும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். டிஸ்பிளேயும் விளக்கும் வேறு வழியாக எரிவதால் "கரன்ட் வருதே" என்று ஏமாந்துபோகிறோம்.

பிரேக் சுவிட்ச் மழைக்காலத்தில் பலரை ஏமாற்றும் இடம். பிரேக் லீவரில் உள்ள சின்ன சுவிட்சுக்குள் தண்ணீரும் தூசியும் போய் அழுத்திய நிலையிலேயே ஒட்டிக்கொண்டால், பிரேக் பிடித்திருப்பதாக நினைத்து கன்ட்ரோலர் மோட்டாருக்கு எதையும் அனுப்பாது. பின்னால் போய்ப் பாருங்கள்: லீவரைத் தொடாமலே பிரேக் லைட் எரிந்துகொண்டிருந்தால் குற்றவாளி அகப்பட்டான். அந்தச் சுவிட்சின் கப்ளரைக் கழற்றினால் வண்டி ஓடும். ஓடுகிறது என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது மோட்டார் நிற்பது உயிர்காக்கும் ஏற்பாடு. அன்றே புதிய சுவிட்சைப் போட்டுவிட வேண்டும். சைடு ஸ்டாண்டு சுவிட்ச் உள்ள வண்டியில் அதையும் இதே முறையில் பார்க்கலாம்.

ஆக்சிலேட்டரைச் சோதிப்பது கொஞ்சம் நுணுக்கமானது. அதற்குள்ளும் ஒரு ஹால் சென்சார்தான். மூன்று ஒயர்: சிவப்பில் 5 வோல்ட் அளவு, கறுப்பு நெகட்டிவ், மூன்றாவது சிக்னல். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தரையைத் தொடாமல் வைத்து, மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும் சிவப்பு முனையை சிக்னலிலும் கப்ளருக்குப் பின்பக்கமிருந்து செருகிப் பாருங்கள். முறுக்காதபோது 0.8 அல்லது 0.9 வோல்ட் காட்ட வேண்டும். மெதுவாக முறுக்க முறுக்க எங்கும் குதிக்காமல் ஏறி மூன்றரைக்கு மேல் போக வேண்டும். முறுக்கும்போது இடையில் விழுந்து எழுந்தால் வண்டி விக்கும். முறுக்காமலே ஒன்றரை வோல்ட் நின்றால் பல கன்ட்ரோலர்கள் பாதுகாப்புக்காகப் புறப்படவே மறுக்கும். கறுப்பு ஒயர் அறுந்துபோனால்தான் ஆபத்து: சிக்னல் உச்சத்துக்கு ஏறிவிடும். நல்ல கன்ட்ரோலர் அதைக் கோளாறு என்று உணர்ந்து நிறுத்தும். மலிவான கன்ட்ரோலர் முழு வேகம் என்று எடுத்துக்கொண்டு வண்டியைப் பாயவிடும். "வண்டி தானா ஓடிச்சு" என்று யாராவது சொன்னால் அதைப் பொய் என்று தள்ளாமல் முதலில் இந்த ஒயரைப் பார்க்க வேண்டும்.

வண்டி புறப்படும்போது நடுங்குகிறது, கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் மோட்டாரின் ஹால் சென்சார்மேல் சந்தேகம் போக வேண்டும். சாவியைப் போட்டுவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மூன்று சிக்னல் ஒயரிலும் பூஜ்யமும் ஐந்தும் மாறிமாறி வர வேண்டும். ஏதாவது ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அந்தச் சென்சார் போயிருக்கிறது, அல்லது அச்சு வழியாக வெளியே வரும் இடத்தில் ஒயர் நசுங்கி அறுந்திருக்கிறது. சென்சாரின் விலை அற்பம். மோட்டாரைத் திறந்து சால்டர் வைக்கும் கூலிதான் செலவு. இதற்காக கன்ட்ரோலரை மாற்றினால் புதிய கன்ட்ரோலரோடும் அதே நடுக்கம் தொடரும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மூன்று தடித்த ஒயர்களின் இணைப்பு. களிம்பு ஏறிய, லூஸான கனெக்டர் சூடாகி பிளாஸ்டிக் உருகி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இப்போதுதான் கன்ட்ரோலரின் முறை. சாவி போடாமலே சக்கரம் சுற்ற மறுத்து முரண்டு பிடிக்கிறதா? மூன்று ஃபேஸ் ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொடாமல் வைத்துச் சுற்றிப் பாருங்கள். சக்கரம் விடுபட்டால் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கிறது. அப்போதும் இறுக்கமாகவே இருந்தால் மோட்டாரின் சுருளையோ பேரிங்கையோ பாருங்கள். உறுதிசெய்ய மல்டிமீட்டரின் டயோடு சோதனை போதும். பேட்டரியை முழுதாகக் கழற்றிவிட வேண்டும். உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடியவிட வேண்டும். பிறகு கறுப்பு முனையைப் பாசிட்டிவ் ஒயரில் வைத்து, சிவப்பு முனையை மூன்று ஃபேஸிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். அடுத்து சிவப்பு முனையை நெகட்டிவில் வைத்து, கறுப்பை மூன்று ஃபேஸிலும் வையுங்கள். ஆறு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு, அரை வோல்ட்டை ஒட்டி வந்தால் மாஸ்ஃபெட் வரிசை பிழைத்திருக்கிறது. எங்காவது பூஜ்யம் வந்தால் அந்தப் பக்கம் எரிந்துவிட்டது. "கன்ட்ரோலர் போச்சு" என்று சொல்லும் உரிமை இந்தச் சோதனைக்குப் பிறகுதான் ஒரு மெக்கானிக்குக் கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். இதெல்லாம் 48, 60, 72 வோல்ட் ஸ்கூட்டருக்கும் சின்ன ரிக்‌ஷாவுக்கும். அவற்றிலும் பேட்டரி முனைகள் தொட்டுக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், மோதிரமும் கடிகாரமும் கையில் இருக்கக் கூடாது. மின் கார்கள் பலவற்றில் 300 வோல்ட்டுக்கும் மேலே ஓடுகிறது. ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிளைப் பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது.

எது கொல்கிறது

எரிந்த கன்ட்ரோலரின் இடத்தில் புதியது வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். பழையதை எரித்தது இன்னும் வண்டியிலேயே இருக்கலாம்.

முதல் எதிரி சூடு. மாஸ்ஃபெட் சூடாகச் சூடாக அதன் உள் தடை ஏறும், தடை ஏறினால் மேலும் சூடாகும். கெப்பாசிட்டருக்கு ஒவ்வொரு பத்து டிகிரி கூடுதல் வெப்பமும் ஆயுளைப் பாதியாகக் குறைக்கும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்திரை வைகாசி வெயிலில், காற்றுப் போகாத பலகைக்கு அடியில், கல்குவாரித் தூசி ஒரு விரல்கனம் படிந்த அலுமினிய உறைக்குள் இருக்கும் கெப்பாசிட்டர், குளிர்ந்த ஊரில் சோதித்த கணக்குப்படி உழைக்காது. உறையைத் துடைத்து வைப்பதும், வண்டிச் சட்டத்தோடு அது ஒட்டும் இடத்தில் ஹீட் பேஸ்ட் தடவுவதும் செலவில்லாத வைத்தியம்.

ஐப்பசி கார்த்திகை மழையும், வாட்டர் சர்வீஸில் அழுத்தத்தோடு பீய்ச்சும் தண்ணீரும் அடுத்தவை. கப்ளர்கள் ஒயர் வழியாகத் தண்ணீர் இறங்காதபடி கீழ்நோக்கி வளைத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். பல வண்டிகளில் அப்படி இருப்பதில்லை.

நாமே வரவழைக்கும் சாவும் உண்டு. வேகம் போதவில்லை என்று லிமிட் ஒயரைப் பிரித்துவிடுவது ஒன்று. 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் அது பதிவு வேண்டிய வண்டி, லைசென்ஸ் வேண்டிய வண்டி. சட்டம் ஒரு பக்கம் இருக்க, கன்ட்ரோலருக்கு அது தாங்காத சுமை. 48 வோல்ட் வண்டியில் இன்னொரு பேட்டரி சேர்த்து 60 ஆக்குவது அதைவிட மோசம். 48 வோல்ட் கன்ட்ரோலரில் பெரும்பாலும் 63 வோல்ட் கெப்பாசிட்டர்தான் இருக்கும். 60 வோல்ட் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். வண்டி சில நாள் பறக்கும், பிறகு வெடிக்கும். சில மோட்டார்கள் பிரேக்கில் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகின்றன. அப்படி ஓடும்போது பேட்டரி வழியில் உள்ள எம்.சி.பி. சுவிட்ச் லூஸாகித் துண்டித்தால், போக இடமில்லாத மின்சாரம் கன்ட்ரோலரின் தலையில் விழும். புதிய கன்ட்ரோலரும் ஒரே மாதத்தில் போனால் எம்.சி.பி.யையும் பேட்டரி முனைகளையும் அவசியம் பார்க்க வேண்டும்.

சூட்டுக்கு மாஸ்ஃபெட் போன்ற சில்லுகள் பலியாவது மலிவான சரக்கின் குறை மட்டுமல்ல. 2014 பிப்ரவரியில் டொயோட்டா தன் பிரியஸ் கார்களில் உலகெங்கும் 19 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் இன்வெர்ட்டரில், அதாவது காரின் கன்ட்ரோலரில், டிரான்சிஸ்டர்கள் அதிகச் சூட்டால் கெடக்கூடும் என்பதே காரணம். கார் ஓடும்போதே நின்றுவிடும் அபாயம் இருந்தது. அந்தக் கம்பெனி காரணத்தை வெளியில் சொன்னது, மென்பொருளைத் திருத்தியது. வாங்கியவருக்கு என்ன கோளாறு என்று தெரிந்தது. இந்த ஒளிவுமறைவின்மைதான் நம் மின் ஸ்கூட்டர் உலகத்தில் இன்னும் வந்துசேரவில்லை.

தகவல் யாரிடம் இருக்கிறது

மின் வாகனங்களுக்காக மத்திய அரசு 2019-இல் தொடங்கிய ஃபேம் 2 திட்டத்தில் மானியம் பெற வேண்டுமானால் குறிப்பிட்ட பாகங்களை உள்நாட்டில் தயாரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அந்தப் பட்டியலில் மோட்டார் கன்ட்ரோலரும் உண்டு. நிபந்தனையை மீறியதாகச் சொல்லிச் சில கம்பெனிகளிடம் 2023-இல் அரசு மானியத்தைத் திருப்பிக் கேட்டது. அதன்பின் சில கம்பெனிகள் சுருங்கின, விற்ற வண்டிகள் கவனிப்பாரற்று நின்றன. அவற்றைச் சாலையில் ஓடவைப்பவர்கள் கடையில் கிடைக்கும் பொதுக் கன்ட்ரோலரை வாங்கி, ஒயரை ஒவ்வொன்றாகத் தேடி இணைத்துக் கொடுக்கும் சிற்றூர் மெக்கானிக்குகள். அவர்கள் கையில் வரைபடம் இல்லை, கோளாறு எண் பட்டியல் இல்லை. அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்கிறார்கள். அந்த உழைப்புக்கு நாம் இன்னும் உரிய மரியாதை தரவில்லை என்பது என் கருத்து.

புதிய வகை வண்டியில் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. டிஸ்பிளேயில் ஒரு எண் வருகிறது, அதன் பொருள் கம்பெனியின் கணினிக்கு மட்டும் தெரியும். பெட்ரோல் வண்டிக்கு இந்த நிலை இல்லை. 2023 ஏப்ரல் முதல் பெட்ரோல் இருசக்கர வண்டிகளுக்கும் ஓ.பி.டி. 2 கட்டாயம். சாதாரணக் கருவியைச் செருகினால் பொதுவான கோளாறு எண்களைப் படிக்கலாம். அந்த விதி புகை மாசுச் சட்டத்திலிருந்து பிறந்தது. மின் வண்டிக்குப் புகை இல்லை, அதனால் அந்த விதியும் இல்லை. இந்த ஓட்டையை அடைக்க 2022-இல் கலிஃபோர்னியா ஒரு விதி எழுதியது: 2026 மாடல் கார்களிலிருந்து, மின் கார்களும் பொதுவான முறையில் தகவல் தர வேண்டும், வெளிப் பட்டறைகளுக்கும் பழுதுபார்க்கும் தகவல் கிடைக்க வேண்டும் என்று. அந்த விதி அடங்கிய தொகுப்புக்குத் தரப்பட்டிருந்த அனுமதியை 2025-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ரத்துசெய்ததால் அது இப்போது வழக்கில் நிற்கிறது. ஆனாலும் என்ன கேட்க வேண்டும் என்பதை அது எழுதிக் காட்டியிருக்கிறது.

நம் நாட்டில் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவி, கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகிய நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் வந்தது. கம்பெனிகள் விரும்பினால் தகவலைப் போடலாம் என்பதோடு அது நிற்கிறது, கட்டாயம் இல்லை. 2024 அக்டோபரில் ஒரு பெரிய மின் ஸ்கூட்டர் கம்பெனிக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியபோது, தேசிய உதவி எண்ணுக்கு அதன்மேல் ஓராண்டில் வந்திருந்த புகார்கள் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தன. சர்வீஸ் சென்டரை மட்டும் நம்பியிருக்கும் ஏற்பாடு தாங்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கப்பட்டு, மின் வாகன மெக்கானிக் பயிற்சியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் பதினெட்டு வயதுப் பையனுக்குச் சொல்லித்தருவதோடு, இருபது ஆண்டாகப் பட்டறை வைத்திருக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கும் மாலை வகுப்பாக இரண்டு வாரம் சொல்லித்தர வேண்டும். அன்னவாசல், இலுப்பூர், குடுமியான்மலை வட்டாரத்தில் இன்று நிற்கிற வண்டி அவரிடம்தான் வரப்போகிறது. மேலே சொன்ன சோதனைகளுக்கு ஒரு மல்டிமீட்டரும் தெளிவான வரைபடமும் போதும்.

மானியமும் வரிவிலக்கும் தரும் அரசு, அதற்கு ஈடாக ஒன்றைக் கேட்கலாம்: ஒவ்வொரு மின் வண்டியோடும் தமிழில் அச்சிட்ட ஒயரிங் வரைபடம், கோளாறு எண்களின் பொருள், ஆக்சிலேட்டரிலும் ஹால் சென்சாரிலும் வர வேண்டிய வோல்டேஜ். மொத்தம் இரண்டு பக்கத்தில் அடங்கும். அது வரும் வரை வாங்குகிறவர்கள் கேட்க வேண்டும். கன்ட்ரோலர் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, புதுக்கோட்டையில் ஸ்டாக் இருக்கிறதா, கோளாறு எண் பட்டியலைக் கையில் தருவீர்களா என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். பதிலை பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு அலைக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தமிழிலேயே புகார் சொல்லலாம்.